டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா: தவறிய படங்களைக் கொண்டு முடிவெடுக்கும் வழி

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள) கேமராவை விற்றுவிட்டு மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், எந்த மாடலின் மீது கண் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. சென்ற ஓராண்டில் எந்தெந்தப் படங்களைக் கோட்டைவிட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலோர் சற்றுத் திகைக்கிறார்கள். நன்றாக வந்த படங்களை எல்லாரும் வன்தட்டில் பத்திரப்படுத்துகிறோம். தவறியவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளியை எடுத்து வைக்க வேண்டிய இந்த முடிவுக்கு, விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் எண்களைவிட அந்தத் தவறிய படங்களே நம்பத்தக்க சாட்சி.

செய்ய வேண்டியது எளிது. ஒரு மாலைப்பொழுது போதும். ஓராண்டில் நீங்கள் ஒதுக்கிவைத்த படங்களைத் திறந்து, ஐம்பது படங்களையாவது முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றும் ஏன் தேறவில்லை என்பதை ஒரு தாளில் ஓரிரு சொற்களில் எழுதுங்கள்: ஃபோகஸ் தப்பியது, கை ஆடியது, வெளிச்சம் கூடியது அல்லது குறைந்தது, அழுத்தத் தாமதமானது. கேமரா வீட்டிலேயே இருந்ததால் எடுக்கப்படாமலே போன படங்களையும் நினைவிலிருந்து அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கைப்பேசியோடு மட்டும் போய்விட்டு வந்த நாளும் ஒரு தவறிய படம்தான்.

நான் இதைச் செய்தபோது என் தாளில் 63 வரிகள் சேர்ந்தன. அவற்றுள் 29 ஃபோகஸ் தப்பியவை. 14 கேமரா வீட்டில் இருந்தவை. 9 வெளிச்சக் கணக்கு பிசகியவை. 6 கை ஆடியவை. மீதி 5 நான் தாமதித்தவை. ஃபோகஸ் தப்பியவற்றில் பெரும்பகுதி தைப்பூசத்தன்று எடுத்தவை. ஒரு படம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலை நோக்கி வந்துகொண்டிருந்த ஓர் இளைஞர், அலகு பூட்டிய முகம், பாதி மூடிய கண்கள், வியர்வையில் கரைந்து புருவம்வரை வழிந்த திருநீறு. கேமராவின் பின்திரையில் அது அருமையாகத் தெரிந்தது. வீட்டில் கணினியில் பெரிதாக்கியபோது, முகத்துக்கு ஒரு சாண் முன்னால் அசைந்த மயிற்பீலியின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிந்தது; கண்கள் மட்டும் பஞ்சாக இருந்தன.

இந்தத் தாளில் எந்தக் காரணம் மேலோங்கி நிற்கிறதோ அதைப் பொறுத்தே மாற்றத்தால் பயன் உண்டா இல்லையா என்பது அமையும். ஏனென்றால் மிரர்லெஸ் சில தவறுகளைப் பெருமளவு தீர்க்கிறது, சிலவற்றை ஓரளவு குறைக்கிறது, சிலவற்றைத் தொடுவதே இல்லை.

கண்ணாடி என்ன செய்கிறது

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சருக்கும் (ஒளியைப் படமாகப் பதியும் தகடு) நடுவே 45 பாகை சாய்ந்து நிற்கும் கண்ணாடி, உள்ளே வரும் ஒளியை மேலே திருப்பி, பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. அக்கண்ணாடியின் நடுப்பகுதி ஒரு பங்கு ஒளியை ஊடுருவ விடும். அந்த ஒளி பின்னால் உள்ள ஒரு குட்டிக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடித்தளத்தில் தனியாக அமைந்த ஃபோகஸ் சென்சருக்குப் போகும். அதாவது ஃபோகஸை அளப்பது ஓரிடம், படம் பதிவாவது வேறோரிடம். இவ்விரண்டின் தொலைவும் மயிரிழை மாறினாலும், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். பல டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸைச் சற்று முன்பின் நகர்த்தித் திருத்தும் ஒரு பட்டியல் இருப்பது இதனால்தான், எஃப்/1.8 லென்ஸை (எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் துளை பெரிது) முழுதும் திறந்து முகம் எடுப்பவர்களில் பலர் ஒவ்வொரு லென்ஸுக்கும் அந்தத் திருத்தத்தைச் செய்தே பழகியிருப்பார்கள்.

அந்தத் தனிச் சென்சரின் இன்னொரு குறை, அதன் புள்ளிகள் பெரும்பாலும் நடுவில் குவிந்திருப்பது. நிக்கான் டி750 கேமராவில் 51 புள்ளிகள், முதல் கேனன் 6டி கேமராவில் 11 புள்ளிகள். எண்ணிக்கை எதுவானாலும் படச்சட்டத்தின் ஓரங்களில் ஒன்றும் இராது. ஓரத்தில் நிற்கும் முகத்தை எடுக்க, முதலில் நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டம் அமைக்கிறோம். நிற்பவரை எடுக்க இது போதும். காவடி தூக்கி ஆடி வருபவரை எடுக்க, கேமராவைத் திருப்பும் நேரத்துக்குள் அவர் அரை அடி முன்னேறியிருப்பார்.

மிரர்லெஸ்ஸில் கண்ணாடியும் இல்லை, தனிச் சென்சரும் இல்லை. படத்தைப் பதிவு செய்யும் சென்சரே ஃபோகஸையும் அளக்கிறது. ஆகவே முன்பின் விலகல் என்ற பேச்சு ஏறக்குறைய எழுவதில்லை, புள்ளிகளும் பெரும்பாலான மாடல்களில் சட்டத்தின் ஓரத்தை நெருங்கிவிடுகின்றன. முக்கியமாக, சென்சர் எப்போதும் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், கேமரா முகத்தையும் கண்ணையும் அடையாளம் கண்டு பின்தொடர முடிகிறது. மயிற்பீலி குறுக்கே வரும்போது எந்தக் கேமராவும் ஒரு நொடி தடுமாறலாம். ஆனால் தேட வேண்டியது கண் என்று அதற்குத் தெரிந்திருப்பது பெரிய வேறுபாடு. உங்கள் தாளில் ‘ஃபோகஸ் தப்பியது’ என்ற வரிகள் பாதியை நெருங்கினால், மாறுவதற்கு உறுதியான காரணம் இருக்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

படத் தரம் கூடும் என்ற எண்ணத்தில் மட்டும் மாறுபவர்கள் ஏமாறுவார்கள். ஒரே காலத்தில் வந்த, ஒரே அளவுச் சென்சர் கொண்ட இரண்டு கேமராக்களின் கோப்புகளை அருகருகே வைத்தால், எது கண்ணாடி உள்ளது, எது இல்லாதது என்று யாராலும் சொல்ல முடியாது. இருட்டில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400 தரும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் கண்ணாடியை எடுத்துவிட்டதால் குறைந்துவிடாது. பத்தாண்டுப் பழைய கேமராவிலிருந்து புதியதற்குப் போகும்போது தரம் கூடுவது உண்மை. அது இடைப்பட்ட ஆண்டுகளின் விளைவு.

சந்தை நிலவரத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பானசோனிக் ஜி1 வந்தது 2008இல்; முழுச்சட்டச் சென்சருடன் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ளது) சோனி ஏ7 வந்தது 2013இல்; கேனனும் நிக்கானும் 2018இல் தங்கள் முழுச்சட்ட மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின. 2020இல் வந்த கேனன் 1டிஎக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகியவற்றுக்குப் பிறகு அந்த நிறுவனங்களிடமிருந்து முதன்மை நிலை டிஎஸ்எல்ஆர் வரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் இன்னும் கண்ணாடியோடு நிற்கிறது. ஆகவே புதிய லென்ஸ்களும் புதிய வசதிகளும் இனி எங்கே வரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் கையில் உள்ள கேமரா நேற்று எடுத்த படத்தை நாளையும் எடுக்கும்; சந்தை நகர்ந்துவிட்டது என்பது அவசரப்படுவதற்குக் காரணமாகாது.

காசில்லாத ஒத்திகை

கடைக்குப் போகும் முன், உங்கள் டிஎஸ்எல்ஆரிலேயே மிரர்லெஸ் எப்படியிருக்கும் என்று ஓரளவு பார்த்துவிடலாம். லைவ் வியூ பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், படம் நேரே சென்சரிலிருந்து பின்திரைக்கு வரும். அந்நிலையில் அது கண்ணாடியில்லாத கேமராதான். 2013இல் வந்த 70டி தொடங்கிக் கேனனின் 80டி, 6டி மார்க் 2, 5டி மார்க் 4 போன்றவற்றிலும், நிக்கானில் டி780 கேமராவிலும், லைவ் வியூவில் சென்சரே விரைவாக ஃபோகஸ் செய்யும். அவற்றை வைத்திருப்பவர்கள் ஒரு வாரம் லைவ் வியூவில் மட்டும் எடுத்துப் பாருங்கள்; ஃபோகஸ் தப்பும் படங்கள் குறைகின்றனவா என்பது பைசா செலவின்றித் தெரிந்துவிடும். மற்ற பழைய டிஎஸ்எல்ஆர்களின் லைவ் வியூ முன்னும் பின்னும் அலைந்து தேடும் மெதுவான முறையைக் கொண்டது. அதை வைத்து மிரர்லெஸ்ஸை எடைபோட வேண்டாம்.

பையில் உள்ள லென்ஸ்கள்

மாறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு உண்மையான விடை பெரும்பாலும் கேமராவில் இல்லை, லென்ஸ்களில் இருக்கிறது. பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) நான்கைந்து ஆண்டில் பழையதாகிவிடும். லென்ஸ் இருபது ஆண்டு உழைக்கும். அதனால் வீட்டில் உள்ள லென்ஸ்கள் அனைத்தையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் முழுமையாக எழுதிக்கொண்டு, அடாப்டரோடு (பழைய லென்ஸைப் புதிய பாடியில் மாட்டும் இணைப்பு வளையம்) அது எப்படி வேலை செய்யும் என்று தனித்தனியே பாருங்கள்.

அடாப்டர் ஏன் இயல்கிறது என்பதற்குக் காரணம் எளியது. கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருந்ததால், கேனனின் இஎஃப் மவுண்டில் (மவுண்ட் என்பது பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) லென்ஸின் அடிக்கும் சென்சருக்கும் இடையே 44 மில்லிமீட்டரும், 1959 முதல் இருந்துவரும் நிக்கானின் எஃப் மவுண்டில் 46.5 மில்லிமீட்டரும் விடப்பட்டன. மிரர்லெஸ்ஸில் இந்தத் தொலைவு கேனன் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16, சோனி இ மவுண்டில் 18 மில்லிமீட்டர். இடையில் மிச்சமாகும் தொலைவை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி வில்லை எதுவும் இல்லாததால் படத் தரத்தை அது கெடுப்பதில்லை.

கேனன் வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் நல்ல செய்தி. இஎஃப் லென்ஸ்களுக்கு உள்ளேயே மோட்டார் இருப்பதால், கேனனின் சொந்த அடாப்டரோடு அவை ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் உட்பட இயல்பாக வேலை செய்கின்றன. நிக்கானில் சற்று நிதானிக்க வேண்டும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று பெயரில் உள்ளவை எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் செய்யும்; பாடியில் உள்ள மோட்டார் திருகாணியைச் சுழற்றி இயங்கும் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்கள் செய்யா, கையால் வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். மலிவும் இனிமையுமான 50 எஃப்/1.8டி, 85 எஃப்/1.8டி போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, இந்த ஒரு வரியே முடிவை மாற்றிவிடும். சிறு சென்சருக்காகச் செய்த இஎஃப்-எஸ், டிஎக்ஸ் லென்ஸ்களை முழுச்சட்ட மிரர்லெஸ்ஸில் பொருத்தினால் படத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். 24 மெகாபிக்சல் கேமரா ஏறக்குறைய 10 மெகாபிக்சல் கேமராவாகிவிடும்.

வேறு நிறுவனத்துக்கே தாவ நினைப்பவர்கள் எல்லா லென்ஸையும் விற்கும் கணக்கைப் போட்டாக வேண்டும். சோனி இ மவுண்டுக்கு சிக்மா, டாம்ரான் முதலிய வெளி நிறுவனங்களின் லென்ஸ்கள் மிகுதி என்பது அதன் பெரிய பலம். கேனன் ஆர்எஃப்புக்கு அவ்விரு நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் 2024இல்தான், அதுவும் சிறு சென்சர் கேமராக்களுக்கு, வரத் தொடங்கின.

இனி எடை. காரில் போகும் ஊர்களில் இது சிறு விஷயமாக இருக்கலாம். எம்ஆர்டியில் நின்றுகொண்டும் பேருந்துக்கு நடந்தும் போகிற நமக்கு, தோள்பட்டை ஒவ்வொரு நூறு கிராமையும் எண்ணும். மிரர்லெஸ் இலகுவானது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நிறுவனம் தரும் அளவுகளின்படி, பேட்டரியோடும் நினைவு அட்டையோடும் நிக்கான் டி750 எடை 840 கிராம். அதனோடு 24-70 எஃப்/2.8ஜி லென்ஸ் 900 கிராம், மொத்தம் 1,740. அதே லென்ஸை 135 கிராம் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக 705 கிராம் எடையுள்ள இரண்டாம் தலைமுறை இசட்6 கேமராவில் பொருத்தினால் மொத்தம் எவ்வளவு? 1,740 கிராம். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இசட் மவுண்டுக்கே உரிய 24-70 எஃப்/2.8 லென்ஸின் முதல் பதிப்பு 805 கிராம் என்பதால், அதை வாங்கினாலும் மிச்சம் 230 கிராம்தான். 500 கிராம் எடையுள்ள எஃப்/4 லென்ஸோடு திருப்தியடைந்தால் மொத்தம் 1,205. அரைக் கிலோவுக்கு மேல் இறங்கிவிடும். கேனனிலும் கதை இதுவே: 765 கிராம் 6டி மார்க் 2 போய், 670 கிராம் ஆர்6 மார்க் 2 வந்து, 110 கிராம் அடாப்டர் சேர்ந்தால் பதினைந்து கிராம் கூடுகிறது. ‘கேமரா வீட்டில் இருந்தது’ என்ற காரணம் உங்கள் தாளில் மிகுந்திருந்தால், பாடியை மட்டும் மாற்றிப் பழைய லென்ஸ்களை அடாப்டரில் மாட்டித் திரிவது அந்நோய்க்கு மருந்தாகாது. சிறிய லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கப் பணம் இருக்கும்போது மாறுங்கள், அல்லது இருக்கும் டிஎஸ்எல்ஆருக்கே ஒரு சிறிய 35 அல்லது 50 லென்ஸை மலிவாக வாங்கிப் பாருங்கள். நான் சந்தித்தவர்களில் சிலருக்கு அந்த இரண்டாவது வழியே போதுமானதாக இருந்தது.

வியூஃபைண்டரில் தெரிவது

வெளிச்சக் கணக்கு பிசகிய படங்கள் உங்கள் தாளில் நிறைய இருந்தால் மின்னணு வியூஃபைண்டரை (கண்ணை வைத்துப் பார்க்கும் குட்டித் திரை) பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஎஸ்எல்ஆரில் நாம் பார்ப்பது உலகத்தை. மிரர்லெஸ்ஸில் பார்ப்பது வரப்போகும் படத்தை. தைப்பூசத்துக்கு முந்திய நாள் தண்டாயுதபாணி கோவிலிலிருந்து கியோங் சாய்க் சாலை லயன் சித்தி விநாயகர் கோவிலுக்குப் புறப்படும் வெள்ளி ரதம் மாலைக்கு மேல் திரும்பி வருவதைப் படமெடுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ரதத்தில் நூறு விளக்குகள், சுற்றிலும் இருட்டு. கேமராவின் ஒளிமானி இருட்டை நம்பிக் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். முருகனின் திருவுருவம் வெள்ளைப் பூச்சாகக் கரைந்துபோகும். டிஎஸ்எல்ஆரில் எடுத்து, திரையைப் பார்த்து, திருத்தி மீண்டும் எடுப்பதற்குள் ரதம் தாண்டிவிடும். மின்னணு வியூஃபைண்டரில் அந்த வெளுப்பு அழுத்துவதற்கு முன்பே தெரிவதால், கட்டைவிரலால் ஒரு சக்கரத்தைத் திருப்பி ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துவிட்டு அமைதியாகக் காத்திருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. உச்சி வெயிலில் மின்னணுத் திரை மங்கலாகத் தெரியும், நிழல்கள் கறுத்துக் கிடக்கும். வேகமாகத் திரும்பும் பறவையைத் தொடரும்போது திரையில் வருவது ஒரு கணம் முந்திய காட்சி. நல்ல மாடல்களில் இது உணர முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, மலிவான மாடல்களில் இன்னும் உண்டு. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் நீண்ட லென்ஸோடு பறவை எடுப்பவர்கள் கடையில் திரையைப் பார்த்து மயங்காமல், கேமராவை வேகமாக இடவலமாக வீசிப் பார்க்க வேண்டும்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டரை (இயந்திரத் திரை அசையாமல் சென்சரே படத்தைப் பதியும் முறை) பற்றி நிறையவே புகழ்கிறார்கள். நம் திருமணங்களில் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்க, கேமராவின் சத்தம் யார் காதில் விழப்போகிறது? அதன் பயன் வேறிடத்தில்: பரதநாட்டிய அரங்கேற்றத்தில் மெல்லிய பதம் ஒன்று நடக்கும்போதோ, இரங்கல் கூட்டத்திலோ. ஆனால் அங்கேயே ஒரு பொறியும் இருக்கிறது. மின்னணு ஷட்டரில் பெரும்பாலான சென்சர்கள் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதால், வேகமாகச் சுழலும் கை வளைந்து பதிவாகலாம். மேடை விளக்கு துடிக்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்னோட்டத்தோடு துடிக்கும் விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பட்டைகள் மறையும், முடியாதபோது இயந்திர ஷட்டருக்கு மாறிவிட வேண்டும். துடிப்பின் வேகம் வேறாக உள்ள சில எல்இடி மேடை விளக்குகளுக்கு இயந்திர ஷட்டர்தான் பாதுகாப்பு. சென்சர் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு 2023இல் அறிவிக்கப்பட்டது. அதன் விலையைப் பார்த்த பிறகு நம்மில் பலர் இயந்திர ஷட்டரின் சத்தத்தை ரசிக்கத் தொடங்கிவிடுவோம்.

கை ஆடியதால் கெட்ட படங்களுக்குப் பல மிரர்லெஸ் பாடிகளில் உள்ள சென்சர் நிலைப்படுத்தி உதவும். குத்துவிளக்கு, கோபுரம் போன்ற அசையாதவற்றுக்கு மட்டும். ஆடும் பிள்ளைக்கு அது ஒன்றும் செய்யாது.

பேட்டரியில் டிஎஸ்எல்ஆர் தெளிவாக வெல்கிறது. தொழில்துறைச் சோதனை முறைப்படி டி750 ஒரு பேட்டரியில் 1,230 படம் எடுக்கும். இரண்டாம் தலைமுறை இசட்6, வியூஃபைண்டரை மட்டும் பயன்படுத்தினால் 340. நடைமுறையில் இதைவிட அதிகம் எடுக்கலாம் என்றாலும், காலை முகூர்த்தத்தில் தொடங்கி இரவு வரவேற்பு வரை நிற்பவர்கள் மூன்று பேட்டரிகளுக்கான பணத்தையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

பணமும் பழைய பொருளும்

இருப்பதை விற்பதில் தொடங்குங்கள். லென்ஸ்களை இருட்டறையில் வைத்து, பின்புறம் கைப்பேசி விளக்கைப் பிடித்து, முன்புறமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊரின் ஈரப்பதத்தில் அலமாரியில் துணிகளுக்கிடையே கிடந்த லென்ஸுக்கு இது பெரும்பாலும் வந்தே தீரும். அத்தகைய லென்ஸை விற்கவும் முடியாது, அதை நம்பி அடாப்டர் வாங்குவதும் வீண். நல்லவற்றை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். புதிய கேமராவுக்கும் அந்தப் பெட்டி வேண்டும். கண்ணாடி இல்லாததால் லென்ஸைக் கழற்றும்போது பல மாடல்களில் சென்சர் திறந்தபடி நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்: கேமராவை அணைத்து, வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்தே மாற்ற வேண்டும்.

புதியதற்கு விலை கேட்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்த தொகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழையது வாங்குவோர், சிட்டி ஹால் எம்ஆர்டி அருகே பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கத்தில் உள்ள கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம், அல்லது கேரோசல் இணையச் சந்தையில் தனியாரிடம் வாங்கலாம். விலை தனியாரிடம் குறைவு. ஆனால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டப் பாதுகாப்பு, கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் உண்டு, இரு தனிநபர்களுக்கு இடையிலான விற்பனைக்கு இல்லை. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. பழையது என்பதற்காகவும் அதன் வயதுக்காகவும் எதிர்பார்ப்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது நியாயம்.

நான் ஒருமுறை பழைய மிரர்லெஸ் பாடி ஒன்றைக் கடையில் பத்து நிமிடம் பார்த்து வாங்கி வந்தேன். திரை சுத்தம், ஷட்டர் எண்ணிக்கை (ஷட்டர் அதுவரை இயங்கிய தடவைகள்) குறைவு, கடைக்காரர் அன்பாகவே பேசினார். வீட்டில் ஜன்னல் கம்பிகளை எடுத்துப் பார்த்தபோதுதான் படத்தின் ஒரு மூலை மட்டும் எப்போதும் மங்கலாக இருப்பது தெரிந்தது. எங்கோ விழுந்து சென்சர் நிலைப்படுத்தி சாய்ந்திருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், மூன்று நடை நடந்த பிறகு. அதிலிருந்து சொந்த நினைவு அட்டையையும் தெரிந்த ஒரு லென்ஸையும் எடுத்துக்கொண்டே போகிறேன். நேர்கோடுகள் நிறைந்த ஒரு சுவரை எஃப்/8இல் எடுத்து நான்கு மூலைகளையும் பார்க்கிறேன். வெள்ளைத் தாளை எஃப்/16இல் எடுத்துச் சென்சரில் தூசோ கீறலோ உண்டா என்று பார்க்கிறேன். கடையின் கூரை விளக்கின் கீழ் மின்னணு ஷட்டரில் ஒன்று, இயந்திர ஷட்டரில் ஒன்று எடுக்கிறேன். மின்னணு ஷட்டரில் எடுத்த படங்கள் பெரும்பாலும் ஷட்டர் எண்ணிக்கையில் சேராததால், அந்த எண்ணை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன்.

யார் மாற வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தாளில் ‘தாமதம்’ என்ற வரியே மிகுந்திருப்பவர்கள்; ஏஎஃப்-டி லென்ஸ்களை விட மனம் இல்லாதவர்கள்; ஆண்டுக்கு மூன்று நான்கு குடும்ப நிகழ்ச்சிகளுக்கு மட்டும் கேமராவைத் தொடுபவர்கள். மற்றவர்கள் மாறுவதால் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும் காலம் இது. இவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். காணொளி எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும் இந்தப் பட்டியலில் சேராமல் மிரர்லெஸ் பக்கம் போவதே நல்லது.

மாற முடிவெடுத்தவர்கள், பெரிய நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் வாங்க வேண்டாம். ஒரு பாடி, ஒரு லென்ஸ், இரண்டு கூடுதல் பேட்டரி. அவ்வளவோடு தொடங்கி, பழைய கேமராவைக் குறைந்தது மூன்று மாதம் உலர்பெட்டியிலேயே வைத்திருங்கள். நான் பழையதை ஒரு தைப்பூசம் முடியும்வரை விற்கவில்லை. அன்று இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன், வெயிலில் மின்னணுத் திரை மங்கியபோது பழையதுக்குக் கை போனது. அதன் பிறகு ஓராண்டு கழித்துத் தாளை மீண்டும் எழுதினேன். ஃபோகஸ் தப்பியவை 29லிருந்து 8 ஆகியிருந்தன. கேமரா வீட்டில் இருந்தவை 14லிருந்து 11. நான் வாங்கியது எஃப்/2.8 லென்ஸ், அந்த 805 கிராம். தாமதம் என்ற வரி மட்டும் ஐந்திலிருந்து ஏழாகக் கூடியிருந்தது.